ஒடுக்கப்பட்டோர் தந்த ஜாஸ் இசையும் நமது பறையும்

கொல்லிமலைக்குப் பழம்பெருமை தேடித் தந்தவன் வல்வில் ஓரி. அவனை வன்பரணர் முதலிய புலவர்கள் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இடம்பெற்றுள்ளன. ஓரியிடம் பரிசில் பெற்ற பாணர் சுற்றம், பசி நீங்கிய நிறைவினால் தன் ஆடலையும் பாடலையுமே மறந்துவிட்டது என்று அப்பாடல்களுள் ஒன்று கூறுகிறது. அதே நூலின் 335ஆம் பாடலில் மாங்குடி கிழார், பறையன், பாணன், துடியன், கடம்பன் என்னும் நால்வரையன்றி வேறு குடி இல்லை என்று அறுதியிட்டு உரைக்கின்றார். இசையும் முழக்கமும் தந்த மக்களே இம்மண்ணின் முதற்குடிகள் என்று ஒரு காலத்தில் மதிக்கப்பட்டனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. பின்னாளில் அவர்களே ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டனர். அவர்கள் கையிலிருந்த கருவியும் தீட்டுக்குரியதாயிற்று.

இத்தகைய வரலாறு நம் நாட்டிற்கு மட்டுமே உரியதன்று. கடல் கடந்த அமெரிக்காவில், சங்கிலியால் பிணிக்கப்பட்டு வந்த ஒரு மக்களினம் தன் துன்பத்திலிருந்து ஓர் இசையைப் படைத்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் உலகமெங்கும் அவ்விசை இசைத்தட்டுகளின் வழியே பரவியது. ஜாஸ் என்று வழங்கும் அவ்விசையின் வரலாற்றையும், அதற்கும் நம் நாட்டிற்கும் உள்ள தொடர்பையும், அதனின்று நம் இளைஞர் பெறத்தக்க படிப்பினையையும் இவ்வெள்ளி விழா மலரில் சுருங்கக் கூறுவது பொருத்தமுடையது எனக் கருதுகிறேன்.

முழவு பறிக்கப்பட்ட மக்கள்

ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களிடம் எஞ்சியிருந்த செல்வம் தாளம் ஒன்றே. அதுவும் ஆண்டைகளுக்கு அச்சமூட்டியது. 1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் முழவொலியுடன் கிளர்ந்தெழுந்தனர். அதனை அடக்கிய வெள்ளையர் ஆட்சி, 1740இல் இயற்றிய சட்டத்தில் அடிமைகள் முழவும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. அதே சட்டம் அடிமைக்கு எழுதக் கற்பிப்பதையும் குற்றமாக்கியது. முழவையும் எழுத்தையும் ஒரே மூச்சில் தடுத்த அச்சட்டத்தின் உட்பொருளை நாம் ஆழ்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் மட்டும் நிலைமை சற்று வேறாக இருந்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கோ சதுக்கம் என்ற திடலில் கூடி ஆடவும் முழக்கவும் அடிமைகளுக்கு இசைவு இருந்தது. அடிமை முறை ஒழிந்த பின்னர், அந்த ஆப்பிரிக்கத் தாளமும், தேவாலயப் பாடலும், வயல்வெளிப் பாட்டும், ராணுவ பாண்டு வாத்தியங்களும் கலந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் உருவாயிற்று.

ஆயினும், 1917ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் முதல் ஜாஸ் இசைத்தட்டைப் பதிவு செய்தவர்கள் வெள்ளையர் குழுவினரே. படைத்தவன் ஒருவன், பெயர் பெற்றவன் வேறொருவன்! 1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பெண்மணியின் இசைத்தட்டு பெருமளவில் விற்பனையான பிறகே கம்பெனிகளின் கண் திறந்தது. திறந்த பின்னும் கறுப்பர் இசைக்கெனத் தனிப் பட்டியல் ஒன்று வைத்தார்கள். ஊருக்கு வெளியே சேரி இருந்ததுபோல், பட்டியலிலும் ஒரு சேரி இருந்தது.

அச்சேரியிலிருந்து எழுந்தவர்களுள் தலையாயவர் லூயி ஆம்ஸ்டிராங். 1901இல் நியூ ஆர்லியன்சில் வறுமையே உருவான ஒரு குடும்பத்தில் பிறந்தவர். 1912ஆம் ஆண்டின் இறுதி இரவில் தெருவில் கைத்துப்பாக்கியை வெடித்ததற்காகக் கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்திற்கு அனுப்பப்பட்டார். அவ்வில்லத்தின் பாண்டு ஆசிரியர் அவர் கையில் கார்னெட் என்னும் ஊதுகருவியைக் கொடுத்தார். 1925 முதல் 1928 வரை சிகாகோ முதலிய இடங்களில் அவர் செய்த பதிவுகளே, தனிக் கலைஞனின் கற்பனைக்கு ஜாஸில் தலைமையிடம் தந்தன. ஓர் ஆசிரியர் ஒரு சிறுவனிடம் கொடுத்த கருவி ஓர் இசையின் போக்கையே மாற்றியது என்பது கல்விப்பணி ஆற்றுவோர் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தியாகும்.

அரக்கும் இசைத்தட்டும்

அந்நாளைய இசைத்தட்டு எதனால் ஆனது என்பதை நம்மில் பலர் அறிந்திலர். நிமிடத்திற்கு 78 சுற்று சுழன்ற அத்தட்டுகள், கல்தூளையும் கரியையும் அவலரக்கோடு குழைத்து வார்த்தவை. அவலரக்கு, மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினிலிருந்து கிடைப்பது. உலகச் சந்தைக்கு அதனை மிகுதியாக அளித்தது இந்தியாவே. இந்தியாவிலும் சோட்டா நாகபுரிக் காடுகளே அதன் தலைமை விளைநிலம். அங்கு முண்டா, ஓராவோன் முதலிய பழங்குடி மக்கள் புரச மரத்திலும் இலந்தை மரத்திலும் அரக்குக் குச்சிகளைக் கட்டி வளர்த்து, சீவியெடுத்துச் சந்தையில் விற்றனர். வணிகர் கைகளின் வழியே கல்கத்தாத் துறைமுகம் சென்ற அரக்கு, அங்கிருந்து கப்பலேறி லண்டனையும் நியூயார்க்கையும் அடைந்தது. அரக்கு ஆய்வுக்கென்றே 1924இல் ராஞ்சிக்கு அருகில் நாம்கும் என்ற இடத்தில் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது.

இரண்டாம் உலகப் போரில் இத்தொடர்பு தெளிவாக வெளிப்பட்டது. கப்பல் வழி இடருக்குள்ளானதாலும் போர்க் கருவிகளுக்கு அரக்குத் தேவைப்பட்டதாலும், 1942இல் அமெரிக்க அரசு இசைத்தட்டுகளுக்குப் பயன்படும் அவலரக்கின் அளவை வெகுவாகக் குறைத்தது. பழைய தட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள், அவற்றை உடைத்து அரைத்துப் புதிய தட்டு வார்க்கலாம் என்று மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார்கள். இந்தியப் பழங்குடி மகனின் கைப்பட்ட பிசினில்தான் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞனின் மூச்சு பதிந்தது. இருவரும் ஒருவரையொருவர் அறியார். தட்டின் விலையில் இருவருக்கும் சேர்ந்த பங்கோ மிகச் சிறிது.

1948இல் கொலம்பியா கம்பெனி வினைல் என்ற செயற்கைப் பொருளால் ஆன நெடுந்தட்டை வெளியிட்டது. அரக்குத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலிக்கும். நெடுந்தட்டின் ஒரு பக்கமோ இருபது நிமிடத்திற்கும் மேல் ஒலிக்க வல்லது. இரவு விடுதியில் ஒரு கலைஞன் பத்து நிமிடம் விரித்து வாசித்ததை அப்படியே பதிவு செய்ய இதனால் வழி பிறந்தது. நூற்றாண்டின் நடுவில் தோன்றிய பெரும் பதிவுகள் அனைத்திற்கும் இம்மாற்றமே அடிப்படை எனலாம்.

பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஜாஸ்

1935இல் லியோன் அப்பே என்ற கறுப்பின வயலின் கலைஞர் தம் குழுவுடன் பம்பாய் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தார். அவரைத் தொடர்ந்து கிரிக்கெட் ஸ்மித் என்னும் டிரம்பெட் கலைஞரின் குழு அங்கேயே வாசித்தது. 1936இல் அக்குழு பம்பாயில் இசைத்தட்டும் பதிவு செய்தது. தாய்நாட்டில் வெள்ளையரின் ஓட்டலுக்குள் விருந்தினராக நுழைய இயலாத இக்கலைஞர்கள் இங்கே மதிப்புடன் நடத்தப்பட்டனர். ஆனால் அதே பம்பாயில், அதே ஆண்டுகளில், ஒரு பெருந்தொகுதி மக்கள் பொதுக்கிணற்றில் நீர் மொள்ளவும் உரிமையின்றி இருந்தனர் என்பதையும் சேர்த்தே எண்ணவேண்டும்.

இவர்களுள் நெஞ்சை உருக்கும் வரலாறு டெடி வெதர்போர்டு என்ற பியானோ மேதையினுடையது. 1903இல் பிறந்து, சிகாகோவில் ஆம்ஸ்டிராங்கோடு வாசித்துப் புகழ்பெற்ற அவர், 1926இல் ஆசியாவுக்குப் புறப்பட்டார். ஷாங்காய், பம்பாய், கொழும்பு எனப் பல ஊர்களில் வாசித்தபின் கல்கத்தாவின் கிராண்ட் ஓட்டலில் நிலைகொண்டார். அவருடைய குழுவில் பல இனத்தவரும் பல நாட்டவரும் இருந்தனர். போர்க் காலத்தில் அவர் செய்த பதிவுகள் கல்கத்தாவிலேயே தட்டுகளாயின. 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் காலரா நோயால் கல்கத்தாவிலேயே மாண்டார். அப்போது அவருக்கு வயது 41.

இவர்களிடமிருந்து கற்றுக்கொண்டவர்களுள் கோவாவின் கிறித்தவக் கலைஞர்கள் முதன்மையானவர்கள். கோவாவில் தேவாலயத்தோடு இணைந்த பள்ளிகள் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் மேலைநாட்டு இசைக்குறியீட்டையும் வயலினையும் கற்பித்து வந்தன. அப்படி வளர்ந்தவரே ஆல்டோனா ஊரினரான அந்தோனியோ சேவியர் வாஸ். சிக் சாக்லெட் என்ற பெயரில் டிரம்பெட் வாசித்த அவரை இந்தியாவின் ஆம்ஸ்டிராங் என்று அழைத்தார்கள். 1951இல் வெளிவந்த ‘அல்பேலா’ இந்திப் படத்தில் சி. ராம்சந்திராவின் பாடல்களுக்கு அவர் தந்த ஜாஸ் முழக்கத்தை நாடே கேட்டது. ஆயினும் இத்தகைய கோவாக் கலைஞர்கள் பலருடைய பெயர் திரைப்படத் தலைப்புகளில் காட்டப்படவே இல்லை. உழைப்பு ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது என்னும் பழைய கதை இங்கும் தொடர்ந்தது.

1959ஆம் ஆண்டின் இசைத்தட்டுகள்

ஜாஸ் வரலாற்றில் 1959ஆம் ஆண்டு பொன்னாண்டு எனப் போற்றப்படுகிறது. அவ்வாண்டு மார்ச் 2, ஏப்ரல் 22 ஆகிய இரண்டே நாட்களில், நியூயார்க்கில் முன்னர்த் தேவாலயமாக இருந்த ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மைல்ஸ் டேவிஸ் ‘கைண்ட் ஆஃப் புளூ’ என்ற நெடுந்தட்டைப் பதிவு செய்தார். சாக்சபோன் வாசித்தவர்கள் ஜான் கோல்ட்ரேனும், புளோரிடாவில் பள்ளி ஆசிரியராக இருந்த கேனன்பால் ஆடர்லியும் ஆவர். பியானோவில் பில் இவான்ஸ் என்ற வெள்ளையரும், ஒரு பாடலில் மட்டும் விண்டன் கெல்லியும் அமர்ந்தனர். பால் சேம்பர்ஸ் பேஸ் வாசிக்க, ஜிம்மி காப் டிரம்ஸ் முழக்கினார்.

அதுவரை ஜாஸ் கலைஞர்கள், விரைந்து மாறும் சுரக்கூட்டுகளைப் பின்தொடர்ந்தே கற்பனை செய்தனர். டேவிஸ் அந்த நெருக்கடியை நீக்கினார். சில சுர வரிசைகளை மட்டும் குறித்துக் கொடுத்து, அவற்றுக்குள் நின்று நிதானமாகப் பாடுபொருளை விரிக்கச் செய்தார். நம் இராக ஆலாபனையைக் கேட்டுப் பழகியவர்க்கு இம்முறை அயலாகத் தோன்றாது. கோல்ட்ரேன் பின்னர் நம் நாட்டு இசையையே நாடி வந்தார். 1961 நவம்பரில் ‘இந்தியா’ என்ற பெயரிலேயே ஒரு படைப்பை வாசித்தார். ரவிசங்கர் மீது கொண்ட மதிப்பால் 1965இல் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார்.

‘கைண்ட் ஆஃப் புளூ’ 1959ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. எட்டே நாள் கழித்து, ஆகஸ்டு 25ஆம் நாள், நியூயார்க்கின் பேர்ட்லாண்ட் என்ற இசை விடுதியில் டேவிஸ் வாசித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் வெளியே வந்து ஒரு வெள்ளைப் பெண்மணியை வாடகைக் காரில் ஏற்றிவிட்டுக் காற்றுக்காக நின்றார். அங்கு நிற்கக்கூடாது என்று காவலர் ஒருவர் விரட்டினார். தம் பெயர் அவ்விடுதியின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது என்று டேவிஸ் சுட்டிக் காட்டினார். தலையில் அடித்துக் குருதி வழியச் சிறைக்குக் கொண்டு சென்றார்கள். வழக்கு பின்னர் தள்ளுபடியாயிற்று. அந்த இசைத்தட்டை ஐம்பதாம் ஆண்டில், 2009இல், அமெரிக்க மக்கள் அவை தீர்மானம் நிறைவேற்றிப் பாராட்டியது. கலையை ஏற்றுக்கொண்டு கலைஞனை அடித்து விரட்டும் சமுதாயம் எது என்று கேட்டால், அமெரிக்காவை மட்டுமே நாம் சுட்டிக்காட்ட முடியுமா?

இசைத்தட்டில் ஒலித்த உரிமைக்குரல்

உரிமைப் போரில் இசைத்தட்டும் ஒரு படைக்கலமாயிற்று. 1939இல் பில்லி ஹாலிடே என்ற பாடகி, வெள்ளை வெறியரால் மரத்தில் தூக்கிலிடப்பட்ட கறுப்பரின் உடலை விந்தையான கனி என்று உருவகிக்கும் பாடலைப் பதிவு செய்ய முற்பட்டார். அவருடைய கம்பெனியான கொலம்பியா மறுத்துவிட்டது. கமோடோர் என்ற சிறு கம்பெனியே அதனை வெளியிட்டது. 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழவெண்மணியில் 44 உயிர்கள் தீக்கிரையானதை அறிந்த நமக்கு, அப்பாடல் பிறந்த வேதனையை எவரும் விளக்கத் தேவையில்லை.

1957இல் அர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர் உயர்நிலைப் பள்ளியில் சேரச் சென்றனர். ஆளுநர் ஃபாபஸ் படையை நிறுத்தி அவர்களைத் தடுத்தார். பள்ளி வாயிலில் துப்பாக்கி! எதையும் சிரித்தே கடப்பவர் என்று பெயரெடுத்த ஆம்ஸ்டிராங் வெகுண்டெழுந்து கண்டனம் தெரிவித்தார். அரசின் சார்பில் சோவியத் நாட்டிற்குச் செல்லவிருந்த பயணத்தையும் மறுத்தார். சார்லஸ் மிங்கஸ் அந்த ஆளுநரை எள்ளி நகையாடும் படைப்பை 1959இல் கொலம்பியாவுக்கு வாசித்தபோது அது சொற்களின்றியே வெளிவந்தது. சொற்களோடு கூடிய வடிவத்தை 1960இல் வேறொரு சிறு கம்பெனி பதிவு செய்தது.

1960 பிப்ரவரி முதல் நாள் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பினக் கல்லூரி மாணவர், வெள்ளையருக்கு மட்டுமே பரிமாறிய உணவு மேடையில் அமர்ந்து காபி கேட்டனர். அவ்வறப்போர் நாடெங்கும் பரவிற்று. அவ்வாண்டே டிரம்ஸ் கலைஞர் மாக்ஸ் ரோச், பாடகி அபே லிங்கனுடன் ‘வீ இன்சிஸ்ட்’ என்னும் விடுதலை இசைக்கோவையைப் பதிவு செய்தார். உணவு மேடையில் கறுப்பினத்தார் அமர்ந்திருக்கும் படமே அதன் அட்டையை அணிசெய்தது. நம் சிற்றூர்த் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையை எதிர்த்து நின்றவர்கள் அப்படத்தில் தம்மையே காண்பார்கள்.

இவ்விரு மக்களின் ஒற்றுமையை முன்னோர் நன்கறிந்திருந்தனர். மகாத்மா பூலே 1873இல் எழுதிய ‘குலாம்கிரி’ நூலை, அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்கு உரிமையாக்கினார். அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றார். கறுப்பின மக்களின் ஹார்லெம் பகுதி அதற்கு அண்மையிலேயே உள்ளது. 1946இல் கறுப்பினத் தலைவர் டூ பாய்சுக்கு மடல் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்கு அவர்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார் அண்ணல். 1972இல் பம்பாயில் தோன்றிய தலித் சிறுத்தைகள் இயக்கம் தன் பெயரையே அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகளிடமிருந்து பெற்றது.

சென்னைக்கு வந்த தூதர்கள்

1956 முதல் அமெரிக்க அரசு ஜாஸ் கலைஞர்களைத் தன் தூதர்களாக அயல்நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. 1958இல் டேவ் புருபெக்கின் நால்வர் குழு சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களில் வாசித்தது. நம் நாட்டுத் தாளக் கருவியாளர்களோடும் அவர்கள் கலந்து வாசித்தனர். இப்பயணத்தின்போது துருக்கியில் கேட்ட ஒன்பது எண்ணிக்கைத் தாளத்தையும், வேறு ஒரு பாடலில் ஐந்து எண்ணிக்கைத் தாளத்தையும் கொண்டு 1959இல் அவர்கள் வெளியிட்ட ‘டைம் அவுட்’ நெடுந்தட்டு பெரும்புகழ் பெற்றது. இரண்டும் நான்குமாக எண்ணிப் பழகிய மேலைநாட்டார்க்கு அவை புதுமை. கண்டமும் சங்கீர்ணமும் அறிந்த தமிழர்க்கோ அவை பழகிய கணக்கே.

புருபெக் வெள்ளையர். அவர் குழுவின் பேஸ் கலைஞர் யூஜின் ரைட் கறுப்பர். 1960இல் அமெரிக்கத் தென்மாநிலக் கல்லூரிகள் ரைட்டை மேடையேற்றக் கூடாது என்றன. புருபெக் இணங்கவில்லை. ஏற்பாடாகியிருந்த நிகழ்ச்சிகளில் பெரும்பாலானவை கைவிடப்பட்டன. வருமானத்தை இழந்தும் தோழனைக் கைவிடாத அந்நேர்மை போற்றத்தக்கது.

1963இல் டியூக் எலிங்டனின் இசைக்குழு சென்னைக்கு வந்தது. அதே பயணக் காலத்தில், செப்டம்பர் 15ஆம் நாள், அலபாமாவின் பர்மிங்காம் நகரில் தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கு நான்கு கறுப்பினச் சிறுமியர் பலியாயினர். வெளிநாட்டில் தூதர், தாய்நாட்டில் தீண்டத்தகாதவர்! நவம்பர் 18ஆம் நாள் கோல்ட்ரேன் பதிவு செய்த ‘அலபாமா’வில் ஒரு சொல்லும் இல்லை. சாக்சபோன் மட்டும் ஒப்பாரி வைக்கிறது. எலிங்டனோ தம் ஆசியப் பயண நினைவுகளை ‘ஃபார் ஈஸ்ட் சூட்’ என்ற தொகுப்பாக 1966 டிசம்பரில் பதிவு செய்தார். தில்லியில் கேட்ட மைனாவின் குரலும் ஆக்ராவும் அதில் இடம்பெற்றன.

நமக்குரிய பாடம்

இனி நம் நிலைமைக்கு வருவோம். பறை அடிப்பதா, விடுவதா என்னும் வினா நம் சமுதாயத்தில் இன்னும் தீர்ந்தபாடில்லை. சாவுக்கும் சாட்டுக்கும் கூலியின்றிப் பறையடிக்க வேண்டும் என்று ஊரார் கட்டாயப்படுத்திய கொடுமையைக் கண்ட பெரியோர், அக்கருவியையே தூக்கி எறியச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் அறம் இருந்தது. அடிமைத் தொழிலை மறுத்தால்தான் மனிதன் நிமிர முடியும். அதற்காக அடிபட்டவர்களும் ஊரை விட்டு வெளியேறியவர்களும் நம்மிடையே உண்டு. அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை.

ஆனால் கட்டாயம் வேறு, கலை வேறு. கறுப்பின மக்கள் ஆண்டையின் பருத்திக் காட்டை விட்டு வெளியேறினார்கள். அக்காட்டில் பிறந்த பாட்டைத் தம்முடன் எடுத்துச் சென்றார்கள். 1990களிலிருந்து தமிழ்நாட்டில் தலித் கலை விழாக்களின் வாயிலாகப் பறை விடுதலை முழக்கமாக மேடையேறியது. 2025இல் மதுரை மாவட்டம் அலங்காநல்லூர்ப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. காலம் மாறி வருகிறது என்பதற்கு இவை அறிகுறிகள்.

விருதும் கைதட்டலும் மட்டும் போதா என்பதையும் ஜாஸ் வரலாறு கற்பிக்கிறது. முதலாவதாக, படைத்தவன் பெயர் பதிவில் இருக்க வேண்டும். சாவு அடி, சாமி அடி, மாட்டு அடி என நம் முதியோர் அறிந்த அடிகள் பலவும் அவர்களோடு மறைந்து வருகின்றன. இன்று கைப்பேசியிலேயே ஒலிப்பதிவு செய்ய இயலும். கொல்லிமலையிலும் அடிவாரத்து ஊர்களிலும் உள்ள முதியவரை நாடிச் சென்று, அவர் பெயர், ஊர், கற்ற விதம் ஆகியவற்றோடு பதிந்து வைத்தல் நம் இளைஞரின் கடமையாகும்.

இரண்டாவதாக, எழுத்து வேண்டும். கோவாவின் எளிய பிள்ளைகளை இந்தித் திரையிசையின் தூண்களாக்கியது இசைக்குறியீட்டுக் கல்வி. பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, தன்ராஜ் மாஸ்டரிடம் மேலைநாட்டு இசையைக் கற்ற பின்னரே ‘அன்னக்கிளி’யின் மூலம் 1976இல் நாட்டை வென்றார். காதால் கற்ற கலையோடு கண்ணால் கற்ற எழுத்தும் சேருமானால் நம் பிள்ளைகளைத் தடுப்பார் எவருமில்லை.

மூன்றாவதாக, உரிய ஊதியமும் உடன்படிக்கையும் இன்றி எந்த மேடையிலும் ஏறலாகாது. அரக்கு சீவிய பழங்குடி மகனும், தட்டில் ஊதிய கறுப்பினக் கலைஞனும், தலைப்பில் பெயரின்றி மறைந்த கோவாக் கலைஞனும் இழந்தது இதைத்தான். தான் கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்தறியக் கல்வி வேண்டும். 1740இல் முழவைத் தடுத்தவர்கள் எழுத்தையும் ஏன் தடுத்தார்கள் என்பது இப்போது விளங்கும்.

இளைஞர்களே! ஒரு கையில் புத்தகத்தையும் மறு கையில் பறையையும் ஏந்துங்கள். எவர் கட்டளைக்காகவும் அதனை அடியாதீர்கள். உங்கள் விருப்பத்தால், உங்கள் பெயரால், உங்கள் உரிமைக்காக முழக்குங்கள். பாணருக்கும் பறையருக்கும் இடமளித்த ஓரியின் கொல்லிமலை அம்முழக்கத்தை எதிரொலிக்கட்டும்!